உச்சி வெயிலில் பதினொரு பேர்

இரும்பு வேலைக்காரன் நட்டு வைத்த சாமானைத் திருப்புவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறியவர் நீங்கள்தான், ஐயா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் பட்டறைக்கு ஒருவர் அளவு நாடாவோடு வந்து, கூரை ரோட்டுக்கு இரண்டடி வெளியே நிற்கிறது என்பார். ஆனால் இதை வாசிக்கும்போது உங்கள் காது சுடும். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

கேட்டு, கிரில், கூரை, படிக்கட்டு என்று நெருப்பில் வெந்து பிழைக்கிற என் இனத்தவர்களே, நீங்களும் கேளுங்கள். நான் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. கோணம், பாகை, முக்கோணம் எல்லாம் எனக்குப் படிப்பித்தவை, செய்து கொடுத்த பிறகு திரும்பி வந்த கேட்டுகள்தான். இன்றைக்கு எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் புதுமாதிரிக் கட்டடம் ஒன்றில் வெயில் சாய்ந்து விழுந்து, பார்ப்பவன் 'அட!' என்று நின்றால், பாதிக்குப் பாதி அது என் பட்டறை இரும்பு. பெருமைதான். ஏன் படக்கூடாது?

கும்பிடுகிற கேட்டு

இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக்கல் முதலாளி வீட்டுக்குப் பன்னிரண்டு அடிக் கேட்டு. என் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை. மூலைமட்டம் வாங்கக் கையில் காசில்லை. கண்ணாலேயே பார்த்து, 'நேர்தான்' என்று எனக்கு நானே சொல்லி ஒட்டிவிட்டேன். பூட்டிய அன்று அழகாகத்தான் நின்றது. ஒரு மாதத்தில் நடுப்பக்கம் தொங்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த பட்டறைக்காரனோடு ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் அவன் கோபத்தில் கொட்டியதுதான், மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்கிற கணக்கு. கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்கு ஓடினேன். சத்தம் போடப் போகிறார் என்று நானும் சத்தத்துக்குத் தயாராகப் போனேன். அவரோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கைவேலைக்காரனை இங்கே கூப்பிடுகிற மாதிரி 'பாஸ்' போட்டு, சிங்களம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னார்: "பாஸ், கேட்டு லஸ்ஸனதான், அழகுதான், ஆனா வர்ற ஆளுக்கெல்லாம் தலை குனிஞ்சு கும்பிடுதே, கடன்காரனுக்குமா கும்பிடணும்?"

மாவனல்லையில் இரண்டு பக்கம்

கண்டி ரோட்டு வளைவில், மேற்கே பார்த்த புடவைக்கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்னேர வெயில் நேரே உள்ளே வந்து, சிவப்புச் சேலையை ஆறு மாதத்தில் ரோஸ் சேலையாக்கிவிடும். கடைக்காரர் ஹாஜியார், கொழும்பிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்டைக் கூட்டி வந்தார். நிலந்தி என்று பெயர். முப்பது வயதுக்குள் ஒரு பெண். நாங்கள் 'மிஸ்' என்போம். கண்ணாடிக்கு முன்னால் ஆளுயரத் தகடுகளை, பாதி திறந்த கதவுகள் மாதிரிச் சாய்த்து வரிசையாக நிறுத்தச் சொன்னார். வெயில் தகட்டில் அடிபட்டுத் திரும்பும், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும்.

படம் அழகு. நிறுத்திப் பார்த்தால் கொழும்பிலிருந்து வருகிறவனுக்குக் கடை தெரிகிறது. கண்டியிலிருந்து வருகிறவனுக்கு வெறும் இரும்புதான் தெரிகிறது. 'என் வியாபாரத்துல பாதிய மறைச்சுப்போட்டீங்களே' என்று ஹாஜியார் குதித்தார். பாகையைக் குறையுங்கள் என்று நான் மிஸ்ஸோடு பேரத்துக்கு இறங்கினேன். வாழ்க்கையில் நான் குறைக்காத விலை இல்லை. அந்தப் பெண் மூன்று மணி வெயிலில் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, "எவ்வளவு குறைக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றார். அஞ்சு பாகை குறைத்ததும் வெயில் நெற்றியில் அடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாயோடு யோசித்ததில் வந்ததுதான் அடுத்தது. கண்டிப் பக்கம் தெரிகிற தகட்டு முகங்களுக்கு, ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு ஊதா, ஒன்றுக்கு மயில்கழுத்துப் பச்சை என்று சேலை நிறமாகவே பெயின்ட் அடித்தேன். வாகனத்தில் வருகிறவனுக்குச் சேலை விரிகிற மாதிரி இருக்கும். மிஸ் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒரு வாரம் கழித்து ஹாஜியார் கூப்பிட்டார்: "தம்பி, கொழும்புப் பக்கத்தால வாறவன் சாரியப் பாத்து பிரேக் போடுறான், கண்டிப் பக்கத்தால வாறவன் ஒங்கட இரும்பப் பாத்து பிரேக் போடுறான், பிரேக் போட்டாச் சரி எனக்கு!"

வடக்கு எந்தப் பக்கம்

கித்துல்கலயில் ஆற்றோரம், படகு விட வருகிறவர்கள் தங்குகிற இடம். சாப்பாட்டு மேசைகளுக்கு மேலே இரும்புச் சட்டங்களால் நிழல் பந்தல். சட்டங்கள் சரியாக வடக்குத் தெற்காக ஓட வேண்டும் என்று மிஸ் படத்தில் அம்புக்குறி போட்டிருந்தார். எனக்கென்ன, போனில்தான் திசைகாட்டி இருக்கிறதே. இறக்கிப் போட்ட குழாய்க் குவியல் மேல் போனை வைத்தேன், வடக்கைப் பார்த்தேன், மூன்று நாளில் பந்தலை முடித்தேன். நாலாம் நாள் காலை, சாப்பிட வந்த வெள்ளைக்காரர்கள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிழலுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

அத்தனையும் கழற்றினோம். பிறகு மணலில் ஒரு கம்பை நேராக நட்டு, கயிற்றால் சுற்றி வட்டம் போட்டேன். காலையில் கம்பின் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஓர் ஆணி. பின்னேரம் மறுபடி தொட்ட இடத்தில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவிலிருந்து கம்புக்குக் கோடு இழுத்தால் அதுதான் வடக்கு. இரும்பும் பொய் சொல்லும், போனும் பொய் சொல்லும், நிழல் சொல்லாது. இதை நான் பெருமையாகத் தியாகுவிடம் விளக்கினேன். தியாகு என் கூட்டாளி. பதினைந்து வருஷமாக என் திட்டை வாங்கிக்கொண்டு வெல்டிங் பிடிக்கிறவன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இரும்பு மேல வச்சு வடக்கக் கேட்டா அது இரும்பத்தாண்ணே காட்டும், ஒங்ககிட்ட லீவு கேட்டா நீங்க வேலையக் காட்டுற மாதிரி."

இரத்தினபுரிப் பக்கம் வெயில் சிலையா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்து மேல் டிவிசனுக்கு முன்பு ரோட்டே கிடையாது. சுகமில்லாதவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் சந்திக்கு இறங்க வேண்டும். பதினொரு பேர் சேர்ந்து, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரை எடுத்தார்கள். கொழுந்தெடுக்கிற புஷ்பம் அக்கா, ரப்பர் பால் வெட்டுகிற மருதமுத்து, பக்கத்துக் கிராமத்துச் சுனில்... பாறையை உடைத்து ரோடு போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஆம்புலன்ஸ் லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரை போகிறது. பிறகு தார் ஊற்ற மட்டும் அரசாங்க ஆபீசாகிய கந்தோர் வந்தது. சந்தியில் ஒரு கல்லும் வந்தது. நம் நாட்டில் ரிப்பன் வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். கல்லை வெட்டியவர் பெயர் எங்கேயும் இருக்காது.

அதே சந்தியை அழகுபடுத்த ஒரு சிலை வைக்கலாம் என்று கந்தோரில் முடிவானபோது, வரைய வந்தவர் நம் நிலந்தி மிஸ். ஆள் உருவம் இல்லாத, வெயிலும் நிழலும் விளையாடுகிற சிலை என்றார். "விளையாடட்டும் மிஸ், ஆனா பதினொரு பேரோட பேரும் விளையாடணும்" என்றேன். எழுத்து வேண்டாம் என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். மூன்றாம் நாள் அவரே படத்தோடு வந்தார்.

நாலு தூண். தலைக்கு மேலே ஒரு மூடித் தகடு. அதில் பதினொரு பெயரும் ஊடுருவ வெட்டியிருக்கும். பத்துத் தமிழில், சுனிலுடையது சிங்களத்தில். ஒவ்வொரு பெயருக்கும் இரு பக்கமும், மேல்நோக்கிக் கத்தி மாதிரி நிற்கிற தகடுகள், வடக்குத் தெற்காக. காலையிலும் பின்னேரமும் அந்தக் கத்திகள் வெயிலை மறைத்துவிடும். உச்சிப் பொழுதில் சூரியன் வடக்குத் தெற்குக் கோட்டுக்கு வரும்போது மட்டும் வெளிச்சம் இடைவெளிக்குள் இறங்கி, பதினொரு பெயரையும் தரையில் எழுதும். கொஞ்ச நேரம்தான். அது பகல் நிறுவைக்குக் கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் அந்தச் சந்தியைக் கடக்கிற நேரம். கத்தி மூன்றடி ஆழம் என்றார் மிஸ், ஓரடி என்றேன் நான், இரண்டடியில் முடித்தோம். நிழலுக்குப் பேரம் பேசிய இரும்புக்காரன் இந்த நாட்டில் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்.

கந்தோரில் ஒருவர், 'இந்த மழைக்காட்டில் வெயில் சிலையா, குடைச் சிலை செய்யுங்கள்' என்று சிரித்தார். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்க நான் மேல் டிவிசனுக்கு ஏறினேன். புஷ்பம் அக்கா கூடையைக்கூட இறக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னது: "சம்பளச் செக்ரோல்ல தவிர எம் பேர நான் எங்கயும் பாத்ததில்ல தம்பி, அதுலயும் பாதி நாளு தப்பாத்தான் எழுதுவாங்க."

பன்னிரண்டு இருபத்திரண்டு

பெப்ரவரியில் நட்டோம். மணலில் கற்ற அதே கம்பு, அதே கயிறு. நாலு தூணும் நிற்கிற ஒரே அடித்தகட்டில் வட்டமாக எட்டு போல்ட், எல்லாம் ஒரே இடைவெளி. தூக்கி இறக்கும்போது எந்தப் பக்கம் வந்தாலும் பொருந்தட்டும் என்று நானே கெட்டித்தனமாகச் செய்தது. இடைவெளியை ஏறுக்குமாறாக வைத்திருந்தால் வேறு எப்படியும் பூட்ட முடியாது. அது என் பிழை. ஒருதரம் ஒப்புக்கொள்கிறேன், திரும்பக் கேட்காதீர்கள்.

பார்க்க ஊரே வந்துவிட்டது. பன்னிரண்டு மணி அடித்தது. தரை கறுப்பாகவே கிடந்தது. பன்னிரண்டு ஐந்து. பத்து. யாரோ ஒருவன் விசில் அடித்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறி, விசில் அடித்தவனைத் தேடிக் கிளம்பிவிட்டேன். தியாகுதான் சட்டையைப் பிடித்து இழுத்தான். மிஸ் அமைதியாக, சூரியன் கடிகாரத்தைப் பார்த்து வராது, மாதத்துக்கு மாதம் முந்தும் பிந்தும், இந்த மாதம் பிந்துகிற மாதம் என்றார். பன்னிரண்டே காலுக்குத் தரையில் கோடு கோடாக வெளிச்சம் ஊறியது. இருபத்திரண்டுக்குப் பதினொரு பெயரும் முழுசாக, வெட்டி ஒட்டின மாதிரி.

யாரும் கைதட்டவில்லை. மருதமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றார், மேலே மிதிக்காமல். சுனிலின் மனைவி குனிந்து தொட்டுப் பார்த்தாள். பெயர் அவள் கையின் மேல் ஏறியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், வெல்டிங் பிடிக்கிற கண் அல்லவா, வெளிச்சம் கூசும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "சூரியனும் நம்ம தொரை மாதிரித்தாய்யா, நம்மள நிக்க வச்சுப்புட்டு இருவது நிமிசம் பிந்தித்தான் வருது!"

ஒரு போல்ட்

திறப்பு விழா சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்னால். நான் குளித்துப் புதுச் சட்டை போட்டு வர வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயா, நீங்கள் கந்தோரிலிருந்து அந்த இடைவெளியில்தான் வந்தீர்கள். மேடையைப் பலா மரத்து நிழலில் போட்டிருந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் சிலை கோணலாக நிற்கிறது, பிரதம விருந்தாளிக்குப் பக்கவாட்டைக் காட்டுகிறது, போட்டோவுக்குச் சரிவராது என்று உங்களுக்குத் தோன்றியது. லைட் கம்பம் நட வந்த பூம் லொறியைக் கூப்பிட்டு, எட்டு நட்டையும் கழற்றி, ஒரு போல்ட் தள்ளித் திருப்பிப் பூட்டிவிட்டீர்கள். ஒரு போல்ட் என்றால் நாற்பத்தைந்து பாகை.

நான் வந்து போட்ட சத்தம் மேடை மைக்கில் கேட்டிருக்கும். உச்சிப் பொழுது வரை பொறு என்றீர்கள். பொறுத்தேன். பன்னிரண்டு பத்துக்கே பதினொரு பெயரும் தரையில் அழகாக விழுந்தன. ஊர் கைதட்டியது.

என் இனத்தவர்களே, இங்கேதான் கவனியுங்கள். வருஷத்தில் இரண்டு தரம், சித்திரைக்கு முன்னால் ஒரு தரம், ஆவணியில் ஒரு தரம், நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. அந்த நாட்களில் வெயில் செங்குத்தாக இறங்கும். கத்தி எந்தத் திசை பார்த்து நின்றாலும் இடைவெளிக்குள் விழும். இவர்கள் பிழை செய்த நாள், பிழையே தெரியாத நாள். மிஸ் என் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு மூணு கிழமைதான் இப்பிடி விழும் பாஸ்" என்று மெல்லச் சொன்னார். நான் உங்களிடம் ஓடி வந்து அதைத்தான் சொன்னேன். குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டும் காட்டினேன். மாலையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே நீங்கள் சொன்னது இன்னும் எனக்கு மனப்பாடம்: "பாஸ், பேர் விழுதுதானே, பிறகென்னத்துக்குச் சத்தம்?"

கான்

மே மாதம், வெசாக்கோடு மழை தொடங்கியது. வெயில் எட்டிப் பார்த்த நாளெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். முதலில் எழுத்துகளின் தலைப் பக்கம் ஒரு விரல்கடை இருண்டது. பிறகு இரண்டு விரல்கடை. சூரியன் வடக்கே போகப் போக, கத்தி நிழல் பெயர்களைத் தின்றுகொண்டே வந்தது. ஜூன் பௌர்ணமி, பொசன் போயா வந்தபோது உச்சிப் பொழுதில் தரை முழுக்கக் கறுப்பு.

உங்கள் கந்தோருக்கு மூன்று தரம் வந்தேன். முதல் தரம் நீங்கள் கூட்டத்தில். இரண்டாம் தரம், 'சிலையைப் பற்றி முறைப்பாடு ஏதும் வரவில்லை' என்றீர்கள். அதைச் சொல்லத்தானே நான் வந்து நிற்கிறேன்? மூன்றாம் தரம், நானே கூலியில்லாமல் திருப்பி வைக்கிறேன் என்றேன். கையளித்த பொதுச் சொத்தில் கைவைத்தால் வழக்கு வரும் என்று எழுதியே கொடுத்தீர்கள். அந்தக் கடிதத்தில் பெயர் பிழையில்லாமல் எழுதியிருந்தது, உங்கள் பெயர்.

ஒருநாள் பதினொரு மணி போல மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. நான் சந்தியில்தான் நின்றேன். கத்திகள் இப்போது பார்க்கிற திசைக்குச் சூரியன் வருகிற நேரம் அதுதான் போலிருக்கிறது. வெளிச்சம் சாய்ந்து இறங்கி, அடித்தகட்டைத் தாண்டி, நாலடி தள்ளி விழுந்தது. பாதிப் பெயர் புல்லில். பாதிப் பெயர் ரோட்டோரச் சாக்கடைக் கானில், மழைத் தண்ணி, சோப்பு நுரை, பிளாஸ்டிக் போத்தல் மேலே. புஷ்பம் அக்கா அந்த வழியாக வந்தார். சாக்கைத் தோளிலிருந்து இறக்காமல், கானைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாறைய ஒடைக்கக் கூப்பிட்டப்ப எம் பேரு சரியாத்தான் தெரிஞ்சிச்சு தம்பி, இப்ப கானுக்குள்ள கெடக்குது, அள்ளிக் குடுங்க."

என்னால் அள்ள முடியாது. உங்களால் முடியும். என் வேலையில் ஒரு பிசிறு இருந்தால் காட்டுங்கள். அந்தத் தகடுகளில் ஒன்று ஒரு நூல் சாய்ந்திருந்தால் நான் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறேன். ஆவணி வரப்போகிறது, சூரியன் மறுபடி தலைக்கு மேலே வந்து பெயர்கள் விழும், நீங்களும் 'பார்த்தாயா, சரியாகிவிட்டது' என்பீர்கள். அதற்கு முன்னால் லொறியைக் கூப்பிடுங்கள். எட்டு நட்டு, ஒரு காலைப்பொழுது. அந்தப் பதினொரு பேரையும் சந்தியில் நிறுத்தி, அவர்கள் கண் முன்னால் செய்யுங்கள்.

சூரியனோடு பேரம் பேசித் தோற்றவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஐயா: அது உங்கள் மேடைப் பக்கம் திரும்பாது, நீங்கள்தான் என் இரும்பை அதன் பக்கம் திருப்ப வேண்டும்.